வெள்ளை வேட்டியில் சொட்டு நீலம்

சங்கரன்கோவிலில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை எது என்று கேட்டால் நாலு கடையைக் கைகாட்டுவார்கள். பெண்பிள்ளை உட்கார்ந்து கட்டும் கடை எது என்று கேட்டால் எங்கள் கடை ஒன்றைத்தான் காட்டுவார்கள். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். மகள் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து ஏதாவது ஒரு அரசு அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நானோ தறி மோட்டாருக்கும் கிணற்று மோட்டாருக்கும் நடுவில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மின்விசிறியும் பழுதுபார்க்கத்தான் வரும். அம்மா கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டினார். நானும் கடைசிவரை காதில் வாங்கவில்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, புதுக்கம்பி சுற்றி, சுவிட்சைப் போட்டதும் அது முனகாமல் ஓடும் பாருங்கள், அந்த நிம்மதி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

ட்ரோன் என்ற ஒன்றை நான் முதலில் தொட்டது கரிவலம்வந்தநல்லூர் போட்டோக்காரர் ஒருவரால். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் எடுக்கப் பறக்கவிட்டிருக்கிறார். அது சீரியல் பல்பு வளைவில் மோதி, நேராகப் பந்திக்குப் போய், சாம்பார் அண்டாவில் இறங்கிவிட்டது. அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார். இன்னும் பெருங்காய வாசனை போகவில்லை. மோட்டார் ஒன்று எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. இதையெல்லாம் கட்ட முடியாது, புதுசு வாங்கிப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது என் வியாதி. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, தலைமுடி போன்ற கம்பியை இரண்டு நாள் சுற்றினேன். மூன்றாம் நாள் அது ஓடியது.

அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி விடுமுறைக்கு வந்திருந்தான். முப்பத்தைந்து வயதுக்காரன், பொறுப்பானவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேசையில் அந்தக் குட்டி மோட்டார் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, இதையே பெரிதாகச் செய்தால் நம்முடைய சோளத்துக்கு மருந்து அடிக்கலாம் அல்லவா என்று கேட்டான். கேட்டதோடு நிற்காமல் ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான்.

எங்களுக்குத் திருவேங்கடம் போகிற வழியில் நாலு ஏக்கர் கரிசல் பிஞ்சை இருக்கிறது. மழையை நம்பிய பூமி. மக்காச்சோளம் போடுவோம். முந்தைய வருடம் படைப்புழு விழுந்து, மருந்தடிக்க ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தோம். தலைக்கு மேல் வளர்ந்த சோளத்துக்குள் முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு, முகத்தில் ஒரு துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனவர், அரை மணி நேரத்தில் வரப்பில் வந்து விழுந்து வாந்தி எடுத்தார். வண்டியில் எனக்கும், அப்போதும் விடுமுறையில் வந்திருந்த தம்பிக்கும் நடுவில் அவரை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். அடுத்த வாரமே வேறு ஒருவருடைய பிஞ்சையில் அதே டேங்கோடு நிற்கிறார். ஏன் அண்ணே என்று கேட்டால் சிரிக்கிறார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆள் உள்ளே போகாமல் மருந்து மட்டும் போக ஒரு வழி வேண்டும் என்று அன்றைக்குத்தான் மனதில் விழுந்தது.

செய்து முடிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. ஆறு கை, ஆறு மோட்டார், பத்து லிட்டர் டேங்க். வாங்க வேண்டியதை வாங்கி, கட்ட வேண்டியதைக் கட்டினோம். முதல் தடவை எழும்பியதும் அது எங்கள் பேச்சைக் கேட்காமல் பக்கவாட்டில் போய் அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்பைச் சீவிவிட்டு விழுந்தது. இன்னொரு தடவை தம்பியின் ஆள்காட்டி விரலில் இறக்கை பட்டு ஏழு தையல். பேட்டரி ஒன்று பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது, அதை மணல் வாளியில் போட்டுத் தெருவுக்குக் கொண்டுபோவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. பறக்கிற பொருளைச் செய்கிறவர்களுக்கு அது விழப்போகிற இடமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதை இப்படி ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் கற்றோம். தம்பி பயிற்சிக்குப் போய் ஓட்டுவதற்கான சான்றிதழ் வாங்கிவிட்டான். இயந்திரத்துக்குத்தான் இன்னும் சான்று இல்லை. அதனால் சொந்த நிலத்தில் வெறும் தண்ணீரை வைத்துச் சோதனை செய்ய மட்டும் ஒரு அதிகாரி அனுமதி தந்திருந்தார்.

இந்த மூன்று வருடமும் எங்களுக்குத் துணையாக நின்றவர் பக்கத்துப் பிஞ்சைக்கார அண்ணாச்சி. அறுபதை நெருங்குகிறவர். மூன்று ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துப் பருத்தி போடுகிறவர். கரிசல் மண்ணில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் ஒரே மனிதர் இந்த வட்டாரத்தில் அவர்தான். அழுக்கு படாது. எப்படி என்று கேட்டால், மண்ணுக்கு என்னைத் தெரியும் என்பார். அவருடைய வீட்டம்மாவோ, வாரத்துக்கு ஒரு பாட்டில் சொட்டு நீலம் கரைக்கிற எனக்கல்லவா தெரியும் என்று அலுத்துக்கொள்வார். எங்கள் இயந்திரம் ஏறி இறங்க அவருடைய சிமென்ட் களத்தைத்தான் கொடுத்திருந்தார். பம்ப்செட்டில் குளிக்கிற பெண்கள், மேலே பறக்கிறதில் கேமரா இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். நியாயமான சண்டை. நானாக இருந்தால் கல்லை விட்டே எறிந்திருப்பேன். கேமராவைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்தேன். அப்படியும் அடங்காதவர்களை அண்ணாச்சிதான் பேசிச் சமாதானப்படுத்தினார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். என் தங்கச்சி செய்த விமானம் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிஞ்சையில் மருந்தடித்தால், அடித்த ஆள் நாலு மூலையிலும் குச்சி ஊன்றி வேப்பங்குழை கட்டிவிட்டுத்தான் வெளியே வருவார். ஆடு மேய்க்கிறவர்களுக்கு அது அடையாளம். அடிப்பதற்கு முன்னால் பக்கத்துப் பிஞ்சைக்காரரிடம் இன்ன மருந்து அடிக்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் உண்டு. யாரும் சட்டம் போட்டுச் செய்வதில்லை. வரப்பில் நடந்து போகிறவர் வழியில் பார்க்கிறவரிடம் சொல்கிறார், அவ்வளவுதான்.

வானத்தில் போகிறவர்கள் வரப்பில் நடப்பதில்லை. அந்த வருடம் ஐப்பசியில் எங்கள் சோளம் முழங்கால் உயரம், அதற்குள் களை அதைவிட உயரம். இயந்திரமும் நன்றாகப் பறக்கிறது. வெறும் தண்ணீரில் எத்தனை நாள்தான் சோதிப்பது என்று எங்களுக்கு அவசரம். புல் இனத்தை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும் களைக்கொல்லியை டேங்கில் ஊற்றினோம். சோளம் புல் இனம், அதற்கு ஒன்றும் ஆகாது. காற்று வேண்டாம் என்று விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தோம். இலை அசையவில்லை. அண்ணாச்சி அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எல்லையில் அவருடைய பருத்தியைச் சுற்றி வரிசையாக நின்ற ஆமணக்கில் இறக்கை பட்டுவிடக் கூடாது என்று தம்பி உயரத்தைக் கூட்டி ஓட்டினான். பன்னீர் தெளித்த மாதிரி அத்தனை மெல்லிய துளி. நான் நின்று ரசித்தேன். கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, காலில் ஒரு பொட்டு மண் ஒட்டாமல் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டோம்.

வேப்பங்குழை கட்டவில்லை. அண்ணாச்சிக்குப் போன் போடவில்லை. மறந்துவிட்டோம் என்று சொன்னால் அது பொய். நினைவே வரவில்லை, அதுதான் நிஜம்.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. பருத்தி இலை எல்லாம் குறுகிச் சுருங்குகிறது, மருந்துக்கடையில் செடியைக் காட்டினால் வைரஸ் என்கிறார்கள், வெள்ளை ஈ பரப்புகிறதாம், எல்லையோரமாக இருக்கிற அரை ஏக்கர் நிறையக் கெட்டுவிட்டது, அதைப் பிடுங்கி எரித்துவிட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாமாம், நாளைக் காலையில் நாலு பெண்களை வரச் சொல்லியிருக்கிறேன், பிடுங்கியதும் மிச்சத்துக்கு உங்கள் விமானத்தைக் கொண்டுவந்து ஈ மருந்து அடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். சாயங்காலம் வந்து இடத்தைப் பார்க்கிறோம் என்று நான்தான் சொன்னேன். அவருக்கு உதவப்போகிற சந்தோஷம் எனக்கு. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு தம்பியும் நானும் போனோம். அண்ணாச்சி களத்தின் அந்தப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நான் எல்லைக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்டது பருத்தி இல்லை, ஆமணக்கு. எங்கள் சோளத்தைப் பார்த்த பக்கம் இருந்த ஆமணக்கு மட்டும் தண்டு முறுக்கிக்கொண்டு, இலை தொங்கிப்போய் நின்றது. அந்தப் பக்கத்து வரிசை பளிச்சென்று இருந்தது. வைரஸ் பருத்திக்கு வரலாம். பருத்திக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து, அதுவும் எங்கள் பக்கம் பார்த்து மட்டும், எந்த வைரஸ் வரும்? குனிந்து பருத்தியைப் பார்த்தேன். அகலமாக விரிய வேண்டிய இலை, விரல் விரலாகக் கிழிந்து நீண்டிருந்தது. ஆமணக்கும் பருத்தியும் அகன்ற இலைச் செடிகள்.

செடியைப் படம் எடுத்து, எங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேளாண்மைக் கல்லூரிக்காரர் ஒருவருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார். களைக்கொல்லிச் சாரல் பட்டிருக்கிறது, குருத்து பச்சையாக இருந்தால் மூன்று வாரத்தில் புது இலை நல்லபடி வரலாம், தயவுசெய்து யாரும் பிடுங்க வேண்டாம் என்றார். களைக்கொல்லி ஊற்றிய டேங்கை எத்தனை தடவை கழுவினாலும் பருத்திப் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்றும் சொன்னார். அந்த டேங்க் அப்போது எங்கள் வண்டியில் இருந்தது. மறுநாள் அதில்தான் ஈ மருந்தை ஊற்றி மீதிப் பருத்தி முழுக்க அடித்திருப்போம்.

தம்பி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, அவரு வைரஸ்னுதானே நினைக்காரு. பிடுங்க வேண்டாம், பொறுத்துப் பாருங்கன்னு மட்டும் சொல்லுவோம். சோதனைக்குன்னு சொல்லி மருந்து அடிச்சது வெளிய தெரிஞ்சா மிஷின எடுத்துட்டுப் போயிருவாங்க. மூணு வருஷம் அக்கா."

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் சொன்னது என் மனதிலும் அதற்கு முன்னால் ஓடி முடிந்திருந்தது. அவன் வேலையை விட்டு வந்தவன், அவனுக்கு அந்த இயந்திரம்தான் எதிர்காலம். ஒரு நிமிடம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் காரணம் சொல்லாமல் பொறுங்கள் என்றால் அண்ணாச்சி பொறுக்க மாட்டார். பக்கத்துச் செடிக்கு நோய் பரவுகிறது என்று நம்புகிறவர் எப்படிப் பொறுப்பார்? காலையில் நாலு பெண்கள் வந்துவிடுவார்கள். பிழைக்கக்கூடிய செடியை வேரோடு பிடுங்கி எரிப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு களத்தில் நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. "ஏலே, கையை விடு" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணாச்சி குடத்தோடு வந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடிக்காமல் சொன்னேன்.

"அண்ணாச்சி, செடியப் பிடுங்காதீங்க. இது வைரஸ் இல்ல. எங்க சோளத்துக்கு அடிச்ச களைக்கொல்லி இங்கன வந்து விழுந்திருக்கு."

அவர் பருத்தியைப் பார்க்கவில்லை. நேராக ஆமணக்கைப் பார்த்தார். நான் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆனதை அவர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். பிறகு வண்டியில் இருந்த இயந்திரத்தைப் பார்த்தார்.

"என்னைக்கு அடிச்சிய?"

சொன்னேன்.

"குழை கட்டினியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"எனக்கு ஒரு போன்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை, பதிலுக்கு எனக்கும் சத்தம் போடத் தெரியும். "மூணு வருஷமா இந்த மிஷினுக்கு வக்காலத்து வாங்கிட்டுத் திரியுதேன்" என்றார். அதன் பிறகு, செடி பிழைக்குமா என்று கேட்டார். குருத்து பச்சையாக இருக்கிறது, மூன்று வாரம் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றேன். போனை எடுத்து, நாளை வர வேண்டாம் என்று அந்தப் பெண்களிடம் சொன்னார். குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். களத்தில் இனி மிளகாய் காயப்போடுவேன், நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது தங்கச்சி என்று சொல்லவில்லை. டீச்சர் மக என்றார்.

அடுத்து நடந்ததை நீட்டவில்லை. சோதனைக்கு அனுமதி தந்த அதிகாரிக்கு நாங்களே எழுதிக் கொடுத்தோம். திட்டு வாங்கினோம். ஆறு மாதம் எதையும் பறக்கவிடக் கூடாது என்றார்கள், சரி என்றோம். அண்ணாச்சிக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு நான் கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டார். அது எங்களுக்குள் இருக்கட்டும். அதோடு ஒரு கட்டளையும் போட்டார். வாரம் ஒரு நாள் வந்து பிஞ்சையை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். மேலே நின்று பார்க்கக் கூடாது, நடந்து பார்க்க வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போய்விடுவேன். கோயிலுக்குக் கட்டிய சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மழை பெய்த கரிசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ மண் ஏறும். அவர் ஆமணக்குப் பக்கம் நிற்பார், பேச மாட்டார். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் அப்படியே. எல்லையோரத்தில் முப்பது நாற்பது செடி கருகிவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு செடியின் உச்சியில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு இலை, ஒழுங்காக, விரிந்து. வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

பருத்தி பிழைத்தது, ஆனால் பிந்தியது. பஞ்சில் முதல் எடுப்பு இல்லாமலே போனது. மாசியில் பெய்த எதிர்பாராத மழையில் வெடித்த பஞ்சு கொஞ்சம் நனைந்தது. செடிகள் ஒவ்வொன்றும் கீழே விரல் விரலான இலையோடும் மேலே நல்ல இலையோடும் நின்றன. நாங்கள் தவறு செய்த அன்று செடி எவ்வளவு உயரம் இருந்தது என்பதை அறுவடை வரை எந்த வழிப்போக்கனும் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

தம்பி என்னோடு முதல் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்காமல் சும்மா இருக்கக் கூடாது அக்கா என்றான். ஆறு மாதம் தாளிலேயே யோசித்தான். தடை நீங்கியதும் அவன் போட்ட திட்டம் எனக்கே பிடித்துப்போனது. தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட வெள்ளைத் துணிகளை வாங்கிவந்து, எல்லையிலிருந்து ஐந்தடிக்கு ஒன்றாகக் குச்சியில் கட்டினான். டேங்கில் தண்ணீரோடு சொட்டு நீலத்தைக் கலந்தான். அண்ணாச்சி வீட்டம்மா கரைக்கிற அதே நீலம். பறந்து முடிந்ததும் எந்தத் துணி வரைக்கும் நீலப் புள்ளி விழுந்திருக்கிறது என்று நான் பூதக்கண்ணாடியோடு எண்ணுவேன்.

எண்ணியதில் எங்கள் வாயில் மண்தான் விழுந்தது. காற்றே இல்லாத விடியற்காலையில் புள்ளி பத்தாம் துணி வரை போயிருந்தது. எட்டு மணிக்கு மேல் லேசான காற்று வீசும்போது நாலாம் துணியோடு நின்றுவிட்டது, அதுவும் காற்று போகிற பக்கம் மட்டும். குளிர்ந்த தரைக்கு மேலே காற்று அசையாமல் கிடக்கும்போது மெல்லிய துளி இறங்காமல் தொங்குகிறது, மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. பத்திரம் என்று நம்பி நாங்கள் தேர்ந்தெடுத்த நேரம்தான் இருப்பதிலேயே மோசமான நேரம். நான் ரசித்த பன்னீர்த் துளிதான் இருப்பதிலேயே மோசமான துளி. மருந்து பீய்ச்சும் நாசிலை மாற்றித் துளியைப் பெரிதாக்கினோம். பறக்கும் உயரத்தைப் பயிருக்கு மேல் ஆள் உயரத்துக்குக் குறைத்தோம். களைக்கொல்லிக்குத் தனி டேங்க், சிவப்பு பெயிண்ட் அடித்தது. எல்லையோரம் இருபது தப்படி தூரத்துக்குக் களையெடுக்க மண்வெட்டிதான், மருந்து கிடையாது.

அண்ணாச்சி இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். களத்தில் மிளகாய் காய்ந்ததை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

புரட்டாசியில் மறுபடியும் விதைப்பு முடிந்தது. அவர் பருத்தி இரண்டிலை விட்டிருந்தது, எல்லையில் புது ஆமணக்கு. நாங்கள் கடைசிச் சோதனைக்கு நின்றோம். அதற்கு முதல்நாளே நாலு பக்கத்துப் பிஞ்சைக்காரர்களுக்கும் போன் போட்டு, வெறும் தண்ணீரும் நீலமும்தான் என்று சொல்லியிருந்தேன். காலையில் நாலு மூலையிலும் நானே வேப்பங்குழை கட்டினேன். எட்டரை மணிக்கு அண்ணாச்சி வந்தார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கட்டிப்போகிற வேட்டி, மடிப்புக் கலையாமல். நேராகப் போய் ஆமணக்குக்கு முன்னால், எங்கள் பக்கம் பார்த்து நின்றுகொண்டார்.

துணி கட்டியிருக்கிறோம், நீங்கள் நிற்க வேண்டாம் என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"துணிக்குப் பின்னால துணிதான் இருக்கு. எனக்குப் பின்னால பருத்தி இருக்கு" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன பேச? திரும்பி வந்தேன். மெதுவாக விடு என்று தம்பியிடம் சொன்னேன். இயந்திரம் எழும்பி, வரிசை வரிசையாகப் போய், எல்லைக்கு இருபது தப்படி முன்னால் திரும்பித் திரும்பி வந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். பன்னிரண்டு நிமிடம். என் வாழ்க்கையில் இத்தனை நீளமான பன்னிரண்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

இறங்கியதும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய காலடியில் மண்ணில் உட்கார்ந்து, மோட்டாரில் கம்பி பார்க்கிற மாதிரி வேட்டியை இடுப்பிலிருந்து கீழே வரை பார்த்தேன். எல்லாம் வெள்ளை. முழங்கால் வரை வெள்ளை. கரைக்குப் பக்கத்தில் நீலம். கடுகைவிடச் சின்னது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மண் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனுசி புத்தி எவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்குப் போகிறது பாருங்கள்.

"எத்தன?" என்று கேட்டார்.

"மூணு அண்ணாச்சி."

நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து வேட்டிக் கரையைப் பிடித்து, அந்த மூன்றையும் தானும் ஒரு தடவை பார்த்தார். வேட்டியை உதறிச் சரிசெய்துகொண்டு, முன்பு நின்ற அதே இடத்தில் காலை ஊன்றினார்.

"இன்னும் பத்துத் தப்படி உள்ள தள்ளி விடு, தங்கச்சி. நான் நிக்கேன்."

பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறேன். டேங்கை நிரப்பு என்று தம்பியிடம் சொன்னேன். பத்துத் தப்படியை நானே நடந்து எண்ணி, அங்கே நின்று கையைக் காட்டினேன்.